ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு எந்த பேட்டரி வாங்கலாம்?

வணக்கம். பிளாஸ்டிக் குண்டு சுடும் என் மின்சார ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கியின் 8.4 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி தளர்ந்துவிட்டது. விசையை அழுத்தினால் மோட்டார் முனகிவிட்டுத்தான் சுற்றுகிறது. லித்தியம் பாலிமருக்கு மாற நினைக்கிறேன். 7.4 வோல்ட் என்று போட்டிருந்தாலும் முழுதாக ஏற்றினால் அதுவும் 8.4 வோல்ட்தான், அதில் பயமில்லை. 11.1 வோல்ட்தான் ஆசை காட்டுகிறது. ஆனால் துப்பாக்கியில் மாஸ்ஃபெட் (விசைத் தொடுமுனைகளுக்குப் பதிலாக மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னணு சுவிட்ச்) கிடையாது. விசையின் தொடுமுனைகள் கருகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

1300 மில்லி ஆம்பியர் மணி, 20சி (அதாவது கொள்ளளவைப் போல 20 மடங்கு மின்னோட்டம்) என்றால் 26 ஆம்பியர் வரை தரும் என்பது என் கணக்கு. சாதாரண ஸ்பிரிங்குக்கு இது போதுமா? பின்கட்டைக்குள் பெரிய பேட்டரி நுழையாது.

இன்னொன்று: நான் மறதிக்காரன், விளையாடி முடித்ததும் அப்படியே பையில் போட்டுவிடுவேன். லித்தியம் பாலிமரில் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும் அல்லவா? என்னைப் போன்றவருக்கு நிக்கலே மேலா? இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.