ஜோன் 3 ஓபன் ஃபால்ட், கூடவே எர்த் ஃபால்ட்: ஜம்பரை எடுத்துடலாமா?

வயர்மேன்_ரவி:
வணக்கம் நண்பர்களே, நான் மெயின்டனன்ஸ் பாக்குற பில்டிங்ல ஒரு பழைய கன்வென்ஷனல் ஃபயர் அலாரம் பேனல், 8 ஜோன் (பில்டிங்கை எட்டு பகுதியா பிரிச்சு தனித்தனி வயர் லைன்). கொஞ்ச நாளா ஜோன் 3ல ஓபன் ஃபால்ட் (லைன் எங்கயோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம்) வருது, அது வர்றப்பல்லாம் எர்த் ஃபால்ட் (வயர் எர்த்ல தட்டுதுன்னு அர்த்தம்) லைட்டும் சேர்ந்து எரியுது, ரீசெட் பண்ணா காலையில நல்லாத்தான் இருக்கும், மதியம் ஏசி ஃபுல்லா ஓட ஆரம்பிச்சதும் மறுபடியும் பஸ்ஸர் கத்தும். மெயின்ஸ், பேட்டரி லைட் ரெண்டும் நார்மல். பேனல் போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு ஒருத்தர் சொல்றாரு. போர்டுல எர்த் ஃபால்ட் ஜம்பர்னு ஒரு சின்ன இணைப்பு கிளிப் இருக்கு, இப்போதைக்கு அதை எடுத்துட்டா சத்தம் நிக்கும்ல?

லூப்கார்டு:
ஜம்பர்ல கை வைக்காதீங்க ரவி. ஒரு இடத்துல எர்த் ஆனா சிஸ்டம் பாட்டுக்கு ஓடும், அதனாலதான் எல்லாரும் அசால்ட்டா விட்டுடுறாங்க. எதிர் போலாரிட்டில ரெண்டாவதா இன்னொரு எர்த் விழுந்தா ஷார்ட் ஆன மாதிரிதான், அப்போ அந்த சர்க்யூட் வேலையே செய்யாம போகலாம்.

போர்டு மாத்துற பேச்சையும் தள்ளி வைங்க. ஜோன் 3 வயர் ரெண்டையும் டெர்மினல்ல இருந்து கழட்டிட்டு அதே மதிப்புள்ள ஈஓஎல் (எண்ட் ஆஃப் லைன், அதாவது லைனோட கடைசில இருக்கற) ரெசிஸ்டரை அங்கேயே நேரா போடுங்க (சில பேனல்ல 4.7 கே, சிலதுல 6.8 கே, சிலதுல ரெசிஸ்டருக்கு பதிலா கெப்பாசிட்டர், மேனுவலை பாத்துக்கோங்க). ஆனா ஃபால்ட் அப்பப்ப வந்து போறதால, அது வர்ற நேரத்துல இதை செஞ்சாத்தான் அர்த்தம். ரெண்டு லைட்டும் அணைஞ்சா பேனல் நல்லாருக்கு, கோளாறு வெளிய வயரிங்லதான். எர்த் லைட் சில பேனல்ல உடனே அணையாது, கொஞ்சம் பொறுங்க.

பழைய_டெக்னீஷியன்:
தம்பி, முதல்ல ஹூட்டரை (அலாரம் சத்தம் போடறது) ஐசொலேட் பண்ணுங்க, அதாவது தனியா பிரிச்சு வைங்க, லிஃப்ட், ஏஹெச்யூ (ஏசி காத்தை தள்ளுற யூனிட்), கேஸ் சப்ரஷன் (கேஸ் விட்டு தீயை அணைக்கறது) ஏதாவது பேனலோட லிங்க்ல இருந்தா அதையும், பில்டிங்ல இருக்கறவங்களுக்கும் சொல்லிடுங்க. இதை செய்யாம மீட்டரை கையில எடுக்கக்கூடாது.

அப்புறம் 24 வோல்ட் சப்ளைல பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும், மைனஸுக்கும் எர்த்துக்கும் தனித்தனியா வோல்டேஜ் பாருங்க. ஒரு பக்கம் ஜீரோகிட்ட வந்து இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் காட்டினா, ஜீரோ காட்டுற பக்கம்தான் எர்த்ல தட்டுது. ரீடிங் நிக்காம ஆடிட்டே இருந்தா எனக்கு ஈரத்து மேலதான் சந்தேகம் வரும். ஏசி ஓடும்போது மட்டும் வருதுன்னு வேற சொல்றீங்க, டக்ட் பக்கத்துல இருக்கற டிடெக்டர் பேஸ் (ஹெட்டை மாட்டுற அடிப்பாகம்), ஜங்ஷன் பாக்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. லைன் நீளமா இருந்தா நடுவுல பிரிச்சு எந்தப் பாதின்னு முதல்ல பாத்துடுங்க, ஒவ்வொரு பேஸா கழட்டிட்டிருந்தா பொழுது போயிடும்.

மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற மீட்டர்) வைக்கிறதா இருந்தா பேனல் டெர்மினல், டிடெக்டர் ஹெட் எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் வயர்ல மட்டும் வைங்க. 500 வோல்ட்டை அப்படியே விட்டா ஹெட் எலக்ட்ரானிக்ஸ் காலி. இதை அடிச்சு சொல்றேன், ஏன்னா அவசரத்துல எல்லாரும் செய்யறதுதான்.

வயர்மேன்_ரவி:
கிடைச்சிருச்சுண்ணே! ஃபால்ட் இருக்கும்போதே பேனல்ல ஈஓஎல் போட்டேன், ரெண்டும் கிளியர். மைனஸ் பக்கம்தான் எர்த். கடைசி டிடெக்டருக்கு மேல சீலிங்ல ஒரு மெட்டல் பாக்ஸ், டக்ட் ஜாயின்ட்ல இருந்து தண்ணி சொட்டி உள்ள கனெக்டர் பச்சை பூத்து கிடக்கு, ஈஓஎல்லை அதுக்குள்ளதான் டேப் சுத்தி வெச்சிருக்காங்க, லேசா இழுத்ததும் ஒரு கால் கையோட வந்துடுச்சு. புது கனெக்டர், புது ஈஓஎல் போட்டாச்சு, ரெண்டு ஃபால்ட்டும் இல்ல.

லூப்கார்டு:
சூப்பர். ஆனா டக்ட் இன்சுலேஷனை ஏசி ஆளுங்ககிட்ட சொல்லி சரி பண்ண வைங்க, பாக்ஸையும் சொட்டு விழாத இடத்துக்கு நகர்த்துங்க, இல்லன்னா மறுபடியும் வரும். ஜோன் 3ல ஒரு டிடெக்டருக்கு ஸ்மோக் டெஸ்ட், கடைசி ஹெட்டை கழட்டி ஓபன் ஃபால்ட் வருதான்னு ஒரு டெஸ்ட், ரெண்டையும் முடிச்சிட்டு ஐசொலேட் பண்ணதையெல்லாம் திரும்ப நார்மல்ல போடுங்க. அதைத்தான் பாதி பேர் மறந்துட்டு வீட்டுக்கு கிளம்பிடறாங்க.