‘பாலிஃபார்மசி’க்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இருமுனைக் கோளாறு (மனம் மாறி மாறி உச்சத்துக்கும் சோர்வுக்கும் போகும் நோய்) உள்ளவர்களின் வீட்டாருக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லித்தியம், வால்புரோயேட், கூடவே ஒலான்சபின், தூக்கத்துக்கு ஒன்று என்று ஒருவரே பல மனநல மருந்துகளை எடுப்பதை எப்படிச் சொல்வது? இப்போதைக்கு ‘மிகைமருந்து’ என்று போட்டிருக்கிறேன்.
— அஸ்தம்பட்டி

‘மிகை’ வேண்டவே வேண்டாம் தம்பி. பித்தெழுச்சி, அதாவது மனம் அளவுகடந்து பொங்கும் நிலை, முற்றிய நேரத்தில் லித்தியத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பது ஏற்கப்பட்ட மருத்துவம்தான். போன மாதம் காபித் தோட்டத்து அம்மா ஒருவர் மஞ்சள் பையிலிருந்து நாலு அட்டையை எடுத்து என் மேசையில் பரப்பி, “இதுல எதை வுட்டா பரவால்லைங்க?” என்று கேட்டார். அவர் கையில் ‘மிகை’ என்று அச்சடித்துக் கொடுத்தால் ஒரு அட்டை குப்பைக்குப் போகும். அது லித்தியமாக இருந்து சட்டென்று நின்றால், மகனுக்குப் பித்தெழுச்சி திரும்பிவிடக்கூடும்.
— ஏற்காடு

பல் + மருந்து = பன்மருந்து. பன்முகம், பன்மொழி போல. ‘பல்மருந்து’ என்று எழுதினால் பல்வலிக்கு ஆகிவிடும்.
— ஓமலூர்

ஐயா, நன்னூல் விதி ‘இருவழியானும்’ என்கிறது, அதாவது சொற்கள் சேரும் இரு வகையிலும் (வேற்றுமை, அல்வழி). மென்று தின்னும் பல்லும் மகரத்தின் முன் ‘பன்’தான் ஆகும். ஆகவே உங்கள் சொல்லும் பல்வலி மருந்தே. ‘கூட்டுமருந்து’ யாருக்கும் புரியும். தவிர, மருந்து என்பதே ‘மருவு’ என்ற வேரில் பிறந்தது என்பது என் நெடுநாள் கருத்து. சேர்தல் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘மருந்துமருவல்’ என்றே ஆளலாம்.
— ஆத்தூர்

ஐயா, கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவருக்கு மருவல் விளங்குமா? கூட்டு மருந்து சிகிச்சை தொழுநோய்க்கு ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அங்கே எந்தெந்த மருந்து என்று முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடுகிறது, ஒன்று மற்றதைப் பாதிக்கவும் செய்கிறது. வால்புரோயேட் எடுப்பவருக்கு லாமோட்ரிஜின் என்ற இன்னொரு மருந்தை வழக்கமான அளவில் பாதியாகத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் கொப்பளித்து உரியும் ஆபத்து கூடும். லித்தியம் எடுப்பவர் மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். அந்த வலி மாத்திரையை வீட்டில் யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.
— ஏற்காடு

அக்கா சொல்வது சரி. தலைப்பு ‘பல மருந்துகளைச் சேர்த்து எடுத்தல்’. உள்ளே ஒரே ஒருமுறை ‘பன்மருந்துப் பயன்பாடு’. பெரும்பாலோர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் கட்டம் போடுகிறேன்: மாத்திரையின் பெயர், எதற்கு, எந்த வேளை, யார் எழுதியது. கடையில் வாங்கும் வலி மாத்திரைக்கும் ஒரு வரி.
— அஸ்தம்பட்டி

கட்டம் அவசியம் இருக்கட்டும். பன்மருந்துக்கு நான் உடன்படவில்லை. என் தங்கையிடம் வாசிக்கக் கொடுத்தேன், “பன்னுக்குள்ள வெச்சுக் குடுக்கறதா?” என்று கேட்டாள். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம்.
— ஆத்தூர்