கணவரை இழந்த தங்கச்சி லயத்தில் தனியாக இருக்கிறாள். காரியம் முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர்: கெர்க்கஸ்வோல்ட் அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தங்கச்சி அங்கே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கிறாள். தங்கச்சியின் வீட்டுக்காரர் போன மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) 11 வருடமாகப் பேர் பதிந்து வேலை செய்தவர். தங்கச்சிக்கு 34 வயது. பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 4. சின்னவள் பிறந்ததும் தங்கச்சி கொழுந்து பறிக்கப் போவதை விட்டுவிட்டாள்.

16ஆம் நாள் காரியம் வரைக்கும் லயமே கூடி நின்றது. அதற்குப் பிறகு ஒருவரும் வருவதில்லை. மாமியார், "பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு உன் தாய் வீட்டுக்குப் போ" என்கிறார். பக்கத்துக் காம்பராவில் (லயத்து வீட்டில்) பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள், இவளைக் கூப்பிடவில்லை. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. இரவில் தூங்குவதில்லை, வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம்.

நான் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வர முடியும். வரும் இரண்டு நாளில் எதை முதலில் செய்ய வேண்டும், எதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: செக்ரோல்

அண்ணா, உங்கள் இரண்டு நாளும் கிழமை நாளாக இருக்கட்டும். சனி ஞாயிறில் வந்தால் ஒரு கந்தோரும் (அலுவலகமும்) திறந்திருக்காது.

முதல் வேலை மரணச் சான்றிதழ். பதிந்தாயிற்றா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குள் பதிந்தால் சுலபம், தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு படிவமும் சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட கடிதமும்) கேட்பார்கள். பதியும்போது அவருடைய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்து வழக்குகள் முக்கால்வாசி இங்கேதான் சிக்குகின்றன. செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் இடாப்பில்) 'முருகேசு', அடையாள அட்டையில் 'முருகேசன்', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'முருகேஸ்' என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். அப்புறம் காசு மாதக்கணக்கில் நிற்கும். சான்றிதழில் உறுதிப்படுத்திய பிரதி ஐந்தாறு எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவருடைய அடையாள அட்டையை எங்காவது ஒப்படைக்க நேர்ந்தால் அதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோகொப்பி எடுங்கள்.

காசு மூன்று வழியில் வரவேண்டும். ஒன்று ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி). அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போடும் 12 வீதமும் சேர்ந்தது அது. உறுப்பினர் இறந்தால் உரித்தாளிகள் நிரப்புவது எல் படிவம். (கே படிவம் உயிரோடு இருப்பவர் தன் காசை எடுப்பதற்கு. மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு தரம் அலைகிறவர்கள் உண்டு.) ஹட்டன் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாவது ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி). இது தோட்டம் மட்டும் போடும் 3 வீதம். இதற்குத் தனி விண்ணப்பம். வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு ஈ.டி.எப். சபையில் மரணக் காப்புறுதியும் இருக்கிறது. வாயால் கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், ஆகவே விண்ணப்பம் கொடுக்கும் அன்றே கேளுங்கள்.

மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் தாண்டிய நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் வரவேண்டும். 11 வருடத்துக்கு 154 நாள். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால் 207,900 ரூபா. இதைத் தோட்டமே கட்ட வேண்டும், 30 நாளுக்குள். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். "மேலிடத்தில் இருந்து காசு வரவில்லை" என்று ஆபிஸில் சொன்னால் கோபப்படாமல், கேட்டதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்தப் பிரதி கையில் இருந்தால்தான் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு நிற்கும். அட்வான்ஸ், கடன் என்று எதையாவது கழித்திருந்தால் அந்தக் கணக்கையும் எழுத்திலேயே கேளுங்கள்.

ஈ.பி.எப்.பில் அவர் யாரைப் பெயர் குறித்திருக்கிறார் என்பதை வீட்டில் வாய் திறப்பதற்கு முன் ஆபிஸில் பாருங்கள். கலியாணத்துக்கு முன்பே சேர்ந்தவர்கள் பலர் தாயின் பெயரைக் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் மாமியாரோடு சண்டை தொடங்குவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை ஒன்றில் ஆலோசனை எடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் காசு வாங்குவதில்லை.

அவர் இறந்தது வேலை நேரத்தில் என்றால் வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க முடியுமா என்று அதே இடத்தில் விசாரியுங்கள். குளவி கொட்டியோ மரம் விழுந்தோ இறந்தவர்களின் குடும்பங்கள்கூட இதைக் கேட்காமல் விட்டுவிடுவதுண்டு.

பதில்: சாயத்தண்ணி

மேலே சொன்ன கடதாசி வேலை அத்தனையும் சரி. ஆனால் தங்கச்சியை ஒவ்வொரு கந்தோருக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவள் கையெழுத்து வேண்டிய இடத்துக்கு மட்டும் அவள் வரட்டும்.

காரியம் முடிந்ததும் ஆட்கள் குறைவது எல்லா லயத்திலும் நடப்பது. கெட்ட மனதால் இல்லை. மரணாதார சங்கம் (சாவு வீட்டுக்கு உதவும் சங்கம்), தப்பு மேளம், சாப்பாடு என்று 16ஆம் நாள் வரைக்கும் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 17ஆம் நாளுக்கு ஒரு முறையும் இல்லை. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், துக்கத்தில் இருப்பவளுக்கு வாய் வந்து கேட்க முடியாது. ஆகவே நீங்கள்தான் வேலையைப் பெயரோடும் நாளோடும் பிரித்துக் கொடுக்க வேண்டும். "அக்கா, செவ்வாயும் வெள்ளியும் நீங்க பீலியில தண்ணி பிடிக்கும்போது தங்கச்சிக்கும் ஒரு குடம் வைங்க." "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு விறகு." "சித்தி, இந்த மாசம் முடியும் வரைக்கும் இரவு அவ காம்பராவில படுங்க." இப்படிக் கேட்டால் மறுப்பவர் அபூர்வம். நான்கு பேர் போதும். இரவுத் துணையைத்தான் முதலில் தேடுங்கள். வாசல்படியில் உட்காருகிறாள் என்றால், ஸ்டோரில் இரவு வேலை முடிந்து அவர் வரும் நேரத்துக்குக் காத்திருந்த பழக்கம் உடம்பில் இருக்கலாம். அதைத் திட்டி உள்ளே அனுப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு, இருவருமாக எழுந்து உள்ளே போனால் போதும்.

சுபகாரியத்துக்குக் கூப்பிடாததைப் பற்றி. இதைத் தங்கச்சி தானே கேட்டால் இன்னும் காயப்படுவாள். லயத்தில் ஒரு மூத்த பெண், தொழிற்சங்க மாதர் தலைவியாக இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த வீட்டு விசேஷத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்: "அவளும் வருவா, நான் கூட்டிட்டு வர்றேன்." ஒருவர் கூடவே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தால், இரண்டாம் தடவை கேள்வி வராது. பொட்டு, பூ, நிறச் சேலை எல்லாம் அவளுடைய விருப்பம். வை என்றும் வற்புறுத்தாதீர்கள், எடு என்றும் விடாதீர்கள்.

மாமியார் விஷயத்தில் ஒன்று மறக்காதீர்கள், அந்த அம்மா மகனைப் பறிகொடுத்தவர். பிள்ளைகளைக் கேட்பது பல நேரம் மகனின் முகத்தைத் தேடுவதுதான். "ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து சாயந்தரம் வரைக்கும் பேரப்பிள்ளைகள் உங்களோடு" என்று ஒரு நாளைத் தவறாமல் கொடுத்தால் பாதிச் சண்டை தணியும். அதே நேரம் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இறந்த பிறகு தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பேச்சு அடியாக மாறினால் 1938 பெண்கள் உதவி இலக்கம், அல்லது வைத்தியசாலைகளில் இருக்கும் மித்துரு பியச (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் நிலையம்).

தூக்கமின்மை, பசியின்மை, நெஞ்சு அடைப்பது போன்றவை முதல் வாரங்களில் சாதாரணம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளைக்குச் சோறு போடக்கூட எழாமல் கிடந்தாலோ, "நானும் போயிட்டா நல்லது" என்று ஒரு தடவை சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். 'சாகணும் போல இருக்கா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஆள் கிடைத்தது என்று மனம் இறங்கும். தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், தோட்டத்துப் பூச்சி, களை மருந்துப் போத்தல்களை வேறு வீட்டில் வையுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், மனம்விட்டுப் பேச 1333உம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள், அவர்களிடம் போகக் காசு வேண்டாம்.

கேட்டவர்: கெர்க்கஸ்வோல்ட் அண்ணன்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இரவுத் துணைக்கு ஒரு சித்தியிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். ஒரு சிக்கல்: கோயிலில்தான் தாலி கட்டினார்கள், விவாகம் பதியவில்லை. இனிப் பதியவும் முடியாதே. தங்கச்சிக்கு ஒன்றும் கிடைக்காதா?

பதில்: செக்ரோல்

கிடைக்கும், கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டாலும் வழக்கப்படி கலியாணம் செய்து கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களை நம் நாட்டுச் சட்டம் தம்பதியாக ஏற்க இடம் இருக்கிறது. ஆனால் கந்தோரில் இருப்பவர் முதலில் விவாகச் சான்றிதழைத்தான் கேட்பார். அதற்கு ஈடாகக் காட்ட வேண்டியதைச் சேருங்கள்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இருவர் பெயரும் ஒரே வீட்டில் இருக்கும் தேர்தல் இடாப்பு (வாக்காளர் பட்டியல்), தாலி கட்டும்போது இருந்த இரண்டு பெரியவர்களின் சத்தியக்கடதாசி (சமாதான நீதவான் முன்னால்), கிராம சேவகரின் கடிதம். கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். "பெற்றோர் விவாகமானவர்களா?" என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கலாம். அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தாலோ தகப்பன் பெயர் இல்லாமல் இருந்தாலோ, எந்தக் கந்தோருக்கும் கொடுக்கும் முன் சட்ட உதவிக்குப் போங்கள். தகப்பன் பெயர் சரியாக இருந்தால் பிள்ளைகளின் கை பலமானது.

பொதுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மறுபாதி. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்குப் பங்கு வராது. (தேசவழமை என்ற வழக்கச் சட்டம் வட மாகாணத் தமிழருக்கானது, நம்மைச் சேராது. அதைச் சொல்லிக் குழப்புவார்கள்.) இரண்டு பிள்ளைகளும் 18 வயதுக்குக் கீழ் என்பதால் அவர்கள் பங்கை எப்படி வைப்பார்கள் என்றும் தொழில் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேறுபாட்டுக்கு, "இரு பெயரும் ஒருவரே" என்று கிராம சேவகரின் உறுதிப்பாடும் சத்தியக்கடதாசியும் தனியாக வேண்டும். ஈ.பி.எப். பெயரைத் திருத்தத் தோட்ட ஆபிஸின் கடிதமும் சேர வேண்டும்.

காம்பரா விஷயம். வாய்ப்பேச்சை நம்பி யாரும் சாவியைக் கொடுக்க வேண்டாம். விளங்காத மொழியில் எழுதிய எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்க வேண்டாம். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், தொழிற்சங்கத் தலைவரிடம் அன்றே தெரிவியுங்கள். தங்கச்சி திரும்ப வேலைக்குப் போக நினைத்தால் பேர் பதிவதுதான் பாதுகாப்பு. தற்காலிகமாக எடுத்தாலும் ஈ.பி.எப். போட வேண்டும் என்பது சட்டம். கொஞ்ச நாளைக்கு லயத்துக்குக் கிட்டின மலையில் (கொழுந்து பறிக்கும் இடத்தில்) நிற்பாட்டும்படி கங்காணியிடம் (மேற்பார்வையாளரிடம்) கேளுங்கள். முதல் மாதத்தில் பறிக்கும் கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழலாம், அதை வீட்டில் ஒருவரும் குத்திக்காட்டக்கூடாது. சின்னவளைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விடுவதாக இருந்தால், வேலை தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அரைநாள் அரைநாளாகப் பழக்குங்கள்.

அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியலில் குடும்பம் இருந்தால் தலைவர் இறந்ததைப் பிரதேச செயலகத்தில் சொல்லி, தங்கச்சியின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். சொல்லாமல் விட்டால் கொடுப்பனவு பழைய கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

பதில்: வெண்கட்டி

பெரியவனைப் பற்றி யாரும் பேசவில்லை. 9 வயது என்றால் 4ஆம் வகுப்பாக இருப்பான், அடுத்து 5ஆம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பள" என்று அவனிடம் சொல்ல விடாதீர்கள். சாவு வீட்டில் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்ட பிள்ளை அழாமல் இருக்கப் பழகும், பிறகு வகுப்பில் வயிற்று வலி என்று சொல்லும், அல்லது பக்கத்தில் இருப்பவனை அடிக்கும். வகுப்பு ஆசிரியரிடம் நடந்ததை நேரில் சொல்லுங்கள். பாடசாலைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் வாரம் அரைநாளாவது போகட்டும்.

சின்னவளிடம் "அப்பா தூங்குறாரு", "வெளியூர் போயிருக்காரு" என்று சொன்னால் ராத்திரி தூங்கவே பயப்படுவாள், அல்லது ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "அப்பாவோட நெஞ்சு வேலை செய்யாம நின்னு போச்சு, அவர் செத்துட்டாரு, திரும்பி வர மாட்டாரு. அம்மா இருக்கேன்." இவ்வளவு போதும். திரும்பத் திரும்பக் கேட்பாள், ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

சுரக்ஷா மாணவர் காப்புறுதியில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் இறந்தால் கொடுப்பனவு உண்டு. மரணச் சான்றிதழ் பிரதி ஒன்றை அதிபருக்கென்று தனியாக வைத்து, உங்கள் அந்த இரண்டு நாளில் ஒரு காலைப்பொழுதை அவரைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.