பின்னால் பை மாட்டினால் மட்டும் ‘டக்’ சத்தம், மடிப்பு சைக்கிள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என்னுடையது டாஹோன் ஸ்பீட் டி8, 20 அங்குலச் சக்கரம், 8 கியர். கேரியரில் பை மாட்டினால் மட்டும் வலது மிதி கீழே இறங்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று அடிக்கிறது, மிதிப்பதை விட்டால் சத்தமும் நின்றுவிடும்.

முதலில் கேட்டது போன மாதம் மலேசியாவின் செகிஞ்சானில். வயல் நடுவே கால்வாயை ஒட்டிய நேர்ச் சாலை, ஏற்றமே கிடையாது, ஒரே கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. இங்கே சிங்கப்பூரில், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பை இல்லாமல் ஓட்டினால் சத்தமே இல்லை, கடையிலும் ஒன்றுமில்லை என்கிறார்கள். பையோடு கிராஞ்சிப் பக்கம் போனால் மறுபடி வருகிறது.

பெடல்களைக் கழற்றி கிரீஸ் போட்டாயிற்று, பாட்டம் பிராக்கெட்டும் (பெடல் தண்டுகள் சுழலும் அச்சுப் பகுதி) சங்கிலியும் புதிது, ஸ்போக் எதுவும் தளரவில்லை. எழுந்து நின்று மிதித்தாலும் வருவதால் சீட்டாக இருக்காது. பையோடு நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது மிதியை அழுத்தினால் நடுச் சட்டத்தின் மடிப்புக் கீலில் விரலுக்கு லேசான அதிர்வு தெரிகிறது. அங்கேதான் பிறக்கிறதா, பின்னாலிருந்து வருகிறதா, பிடிபடவில்லை.

பொங்கல் முடிந்ததும் திருச்சியில் இறங்கி கல்லணை, திருவையாறு, கும்பகோணம் என்று காவிரிக்கரையோரம் ஓட்டப் போகிறேன், சம்பா அறுவடை நேரம், ரொம்ப நாள் ஆசை. வழியில் சைக்கிள் கடைகள் இருக்கும், ஆனால் இதற்குப் பாகம் கிடைப்பது கஷ்டம், இங்கேயே சரிசெய்தாக வேண்டும்.

சத்தம் கீலிலிருந்து வருகிறதா, கேரியர் போல்ட்டிலிருந்தா, பின் ஹப்பிலிருந்தா (பின்சக்கரத்தின் மையப் பகுதி) என்று வீட்டிலேயே பிரித்துக் கண்டுபிடிக்க என்ன வழி?