ஈக்விவலன்ஸ் செக்கிங்: ‘சமானச் சோதனை’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மின்னணுச் சுற்று, அது செய்ய வேண்டிய கணக்கையே செய்கிறதா என்று உறுதிப்படுத்துவதுதான் ஈக்விவலன்ஸ் செக்கிங். அதற்குத் தமிழில் ‘சமானச் சோதனை’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். ‘சமானம்’ சரி. ‘சோதனை’தான் உறுத்துகிறது. சோதனை என்றால் உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து விடையைப் பார்ப்பது. இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டும் சுற்றுக்கு அப்படிப் பார்க்கக் கிளம்பினால், நொடிக்கு நூறு கோடி உள்ளீடு வீதம் ஓட்டினாலும் 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இங்கே நடப்பதே வேறு.

அரைக் கூட்டியை, அதாவது இரண்டு ஒற்றை பிட்களைக் கூட்டும் சிறு சுற்றை எடுத்துக்கொள்வோம். உள்ளீடுகள் அ, இ. மதிப்பு 0 அல்லது 1. அதில் இரண்டு கேட்டுகள், அதாவது அடிப்படைத் தருக்கச் சுற்றுகள். இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டும் 1 தரும் ஆண்ட் கேட் தருவது அஇ. இரண்டில் ஒன்று மட்டும் 1 ஆனால் 1 தரும் எக்ஸார் கேட் தருவது அ + இ − 2அஇ. ஆண்ட் கேட்டின் விடை அடுத்த இடத்துக்குப் போகும் இலக்கம், அதனால் அதை 2-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும்:

2அஇ + அ + இ − 2அஇ = அ + இ

கேட்டுகள் மறைந்து கூட்டல் மட்டும் நிற்கிறது! ஓர் உள்ளீட்டைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. இதைச் சோதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளிக் கணக்கில் ‘நிறுவுக’ என்று படித்ததால் ‘சமானம் நிறுவல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் கணினித் தமிழில் நிறுவல் என்றால் இன்ஸ்டால் என்றாகிவிட்டது. ‘மெய்ப்பு’ அச்சுப்பிழை திருத்துபவர்களுடையது. ஆகவே ‘சமானம் மெய்ப்பித்தல்’ என்பது என் பரிந்துரை. இலங்கையில் ‘சமவலுப் பின்னம்’ படித்தவர்கள் ‘சமவலு மெய்ப்பித்தல்’ என்றாலும் பொருள் கெடாது.

அப்புறம், சுற்றின் பாகமான காம்பொனென்டுக்கு ‘உறுப்பு’ வேண்டாம். சுற்றின் வேலையை எழுதும் அ + இ − 2அஇ போன்ற பல்லுறுப்புக்கோவையின் உறுப்போடு மோதும். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறுவார். ‘கூறு’ போதும்.

முன்பே செய்து வைத்த கூறுகளில் நம் கோவைக்கு எது ஒத்துவரும் என்று தேடுவதற்குப் ‘பொருத்தம் பார்த்தல்’. ஜாதகச் சொல் என்று தயங்க வேண்டாம், கேட்டவுடன் புரியும். இதையும் ‘சமானம்’ என்று சொல்லிவிட முடியாது. நான்கு உள்ளீடுகளுக்கு 65,536 பூலியன் சார்புகள் (உள்ளீடும் விடையும் 0 அல்லது 1 மட்டுமே ஆன சார்புகள்) உண்டு. உள்ளீடுகளை இடம் மாற்றலாம், உள்ளீட்டையோ வெளியீட்டையோ தலைகீழாக்கலாம் என்று விட்டால் அவை 222 வகைகளுக்குள் அடங்கிவிடும். ஒரே வகையில் இருக்கும் இரண்டு சார்புகள் சமானம் அல்ல; ஆனால் கம்பியை மாற்றி, தேவையான இடத்தில் 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் நாட் கேட் சேர்த்தால் பொருந்தும்.

சமானமான கோவைகள் எல்லாம் சுருக்கினால் வந்து சேரும் ஒரே வடிவமான கனானிக்கல் ஃபார்முக்கு ‘நியம வடிவம்’ என்று எழுதி வருகிறேன். ‘திட்ட வடிவம்’ ஸ்டாண்டர்ட் ஃபார்முக்குப் போய்விட்டது. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.