ஆன்லைன்ல கேம் வாங்கப் போய் பட்ட பாடு: உங்க அனுபவம் சொல்லுங்க

காந்தி நகர் டிசைனர்:
வணக்கம் மக்களே. சின்னதா ஒரு ஆன்லைன் கேம் கடைக்கு டிசைன் வேலை எடுத்திருக்கேன். முதலாளிக்கு முகப்பு பளபளன்னு இருக்கணும், டிரெய்லர் தானா ஓடணும். எனக்கென்னவோ ஆளுங்க பாதியில ஓடுறது காசு கட்டுற இடத்துலதான்னு படுது. கடை பேர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்க.

சத்துவாச்சாரி அப்பா:
நல்ல ஆளைக் கேட்டீங்க தம்பி. பையன் பத்தாவது. அரையாண்டு லீவுல "நைனா, 499 ரூபாதான், ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது"ன்னு ஒரே நச்சு. சரின்னு என் போன்லயே கடையைத் திறந்து யுபிஐயை அழுத்தினேன். திரையில க்யூஆர் கோடு வந்து நிக்குது. போனுக்குள்ள இருக்கிற கோடை அதே போனால எப்படி ஸ்கேன் பண்றது? சமையல்கட்டுல இருந்த வீட்டுக்காரம்மா போனை வாங்கி ஸ்கேன் பண்ணேன். ஈரக் கையோட வந்து பின் நம்பர் போட்டாங்க. 499 போன மெசேஜ் வந்துடுச்சு. என் போன்ல மட்டும் வட்டம் சுத்திக்கிட்டே இருந்து, கடைசியில "செஷன் முடிந்தது, மீண்டும் முயலவும்"னு வந்தது.

மீண்டும் முயலச் சொன்னா பையன் சும்மா இருப்பானா? மறுபடி அழுத்திட்டான். இன்னொரு 499 போச்சு. கேம் வந்தது ஒண்ணு, காசு போனது ரெண்டு.

அப்புறம் பேங்க்ல இருக்கிற மச்சான் சொல்லித்தான் தெரியும். நம்ம கணக்குல காசு போயி, கடைக்கு உறுதி போய்ச் சேரலைன்னா அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும். தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபான்னு தரணும். 2019-லயே ரிசர்வ் வங்கி போட்ட விதியாம். எனக்கு நாலாம் நாள் வந்துடுச்சு. ஆனா அந்த நாலு நாளும் வீட்டுல என் மரியாதை என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. "பணம் வந்துச்சான்னு பாக்குறோம், மறுபடி கட்டாதீங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தா போதும்.

காட்பாடி ஹாஸ்டல்:
அண்ணா, நமக்குப் பிரச்சினை கேமோட டவுன்லோட் சைஸ். விலை, தள்ளுபடி எல்லாம் கொட்டை எழுத்துல இருந்தது. 60 ஜிபின்னு போட்டிருந்தது பக்கத்தோட அடியில, "மேலும் படிக்க"வுக்குள்ள. என் டேட்டா பேக் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. கணக்குப் போட்டா 40 நாள். செமஸ்டரே முடிஞ்சிடும்.

ரீஃபண்டும் பார்த்துக்கோங்க. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவா ஆடியிருந்தா திருப்பிக் கேக்கலாம். 2015-லேருந்து இருக்கு. ஆனா சில கேம்ல லாஞ்சரை, அதாவது கேமைத் தொடங்கி வைக்கிற ஆப்பைத் திறந்தாதான் மிச்சமே இறங்கும், அந்த நேரமும் ஆடின கணக்குல ஏறும். நம்ம நெட் வேகத்துக்கு ரெண்டு மணி நேரம் எந்த மூலைக்கு? உங்க கடையில எப்படின்னு வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

பாகாயம் அக்கா:
தமிழ்ல காட்டுறேன்னு ஒரு கடை. வாங்கப் போறதைச் சேர்த்து வைக்கிற ஷாப்பிங் கார்ட்டை "வண்டி"ன்னு போட்டு வச்சிருக்கான். பக்கத்துல உட்கார்ந்திருந்த மாமனார் "வண்டியில் சேர்"ங்கிறதைப் படிச்சுட்டு, "எத்தனை மணிக்கும்மா வண்டி வருது?"ங்கிறார். கார்ட்னே தமிழ் எழுத்துல போட்டா யாருக்கும் புரியும்.

ராணிப்பேட்டை:
பில்லிங் முகவரியில மாவட்டம் கேக்குறான். பட்டியல்ல ராணிப்பேட்டையே இல்ல. 2019-ல வேலூரை மூணாப் பிரிச்சாங்களே, அது அவனுக்கு இன்னும் தெரியல போல. வேலூர்னு போட்டா "பின்கோடு பொருந்தவில்லை"ங்கிறான். இன்னொரு கடையில வட ஆற்காடே இருந்தது, அந்த மாவட்டத்தை 1989-லயே பிரிச்சாச்சு, எத்தனை வருஷம்! எங்க தாத்தா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். ஜிஎஸ்டிக்கு மாநிலம் வேணும், சரி. டவுன்லோட் ஆகுற சாமானுக்கு மாவட்டம் எதுக்குங்க?

காந்தி நகர் டிசைனர்:
எல்லாருக்கும் நன்றி. போன்ல திறந்தா இனி க்யூஆர் கிடையாது, நேரா யுபிஐ ஆப் திறக்கும். ஒரு தடவை அழுத்தினா பட்டன் பூட்டிக்கும், அப்பா கேட்ட வரியும் அங்கேயே வரும். வண்டியையும் அனுப்பி வச்சாச்சு அக்கா.

சைஸை விலைக்குப் பக்கத்துலயே அதே எழுத்துல போட்டேன். முதலாளி "60 ஜிபின்னு பார்த்தா வாங்குறவன் ஓடிட மாட்டானா?"ன்னார். காட்பாடி தம்பியோட 40 நாள் கணக்கைக் காட்டினேன். ரீஃபண்ட் கேட்டு வர்றவனுக்குப் பதில் சொல்றதை விட இது மேல்னு சொன்னதும் கொஞ்சம் யோசிச்சார். இன்னும் சரின்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல.

ராணிப்பேட்டை அண்ணா, நீங்க சொன்னதும் எங்க மாவட்டப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எங்கேயிருந்தோ எடுத்து ஒட்டின எக்செல். ராணிப்பேட்டை இல்ல, திருப்பத்தூர் இல்ல. நான் தினம் வேலூர்லயே உட்கார்ந்துதான் இந்த வேலை பாக்குறேன். அந்தக் கட்டத்தையே தூக்கிட்டேன்.