ஊலாவ் என்ற பெயர்: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பனிமூட்டம்:
நோர்வேயில், துரொண்ட்ஹைம் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஊலாவ் என்று ஒரு பெரியவர் இருந்தார் (எழுத்தில் ஓ, கூப்பிடும்போது ஊ). கட்டிலடியில் பூ வரைந்த பழைய மரப்பெட்டி. மூடியில் அவருடைய அப்பப்பாவின் பெயர், அதுவும் ஊலாவ்தான். ஒரு நாள் என் விரலைப் பிடித்து அந்த எழுத்துகள்மேல் ஓட்டினார். சின்ன வயதிலிருந்து தடவித் தடவி முதல் எழுத்தில் மட்டும் வண்ணம் போய் மரம் வழவழவென்றிருந்தது. பழைய வடிவம் ‘ஆலெய்ஃப்ர்’. முன்பாதி முன்னோர், பின்பாதி அவர்கள் விட்டுச்சென்ற வாரிசு என்றார். எங்கள் மொழியிலும் பேரைச் சுமப்பவன்தான் பேரன் என்றேன். “அப்போ உன் மகனுக்கு யாருடைய பேர்?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் தலையணையைச் சரிசெய்தேன். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

ஒஸ்லோக்காரன்:
எல்லா ஊலாவும் அப்பப்பா பெயர் இல்லை. 1991 ஜனவரி 17, ஐந்தாம் ஊலாவ் மன்னர் இறந்தார். நான் அப்போது நாட்டுக்குப் புதிது. அரண்மனை முன்னால் பனிக்குள் எங்கே பார்த்தாலும் மெழுகுவர்த்தி. ஒரு சிறுமி அணைந்துபோன தன் திரியை என்னுடையதில் பற்றவைத்துக்கொண்டு போனாள். அந்த மன்னர் 1903இல் இங்கிலாந்தில் பிறந்தவர், வைத்த பெயர் அலெக்சாண்டர். 1905இல் நோர்வே சுவீடனைவிட்டுப் பிரிந்து, டென்மார்க் இளவரசரான தகப்பன் இங்கே அரசரானபோதுதான் பிள்ளை ஊலாவ் ஆனது. நான்காம் ஊலாவ் இறந்தது 1387இல்! ஐந்நூறு வருடத்துக்குமேல் எந்த அரசருக்கும் இல்லாமல் கிடந்த பெயரை நாடு எடுத்துக் கொடுத்தது.

வல்லைவெளி:
பனிமூட்டம், நீங்கள் சொன்னது பாதிதான். யாழ்ப்பாணத்தில் அப்பப்பாவையும் பேரன் என்போமே! பேர் இரண்டு பக்கமும் போகும்.

என் அனுபவம் சின்னது. ஸ்டிக்லஸ்தாத்தில், புனித ஊலாவ் என்ற பழைய மன்னர் போரில் விழுந்த ஊரில், அவரைப் பற்றி ஜூலையில் போடும் நாடகம் பார்த்தேன். 1030 போரில் அவர் சாயும் கட்டத்தில் பக்கத்திலிருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார், முன்பின் தெரியாதவர்.

அப்புறம் ஒன்று, இங்கே பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு. பெயர் பதிய ஆறு மாதம் தருகிறார்கள், அவசரப்படாதீர்கள். நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய 1923 சட்டத்துக்கு முன் இந்த நாட்டிலும் பலருக்கு நம்மைப்போலத் தகப்பன் பெயர்தான் கூட வரும்: ஊலேயின் (ஊலாவின் இன்னொரு வடிவம்) மகன் ஹான்ஸ் ஊல்சென், அவன் மகன் ஊலே ஹான்சென். பாருங்கள், அப்பப்பா திரும்பி வந்துவிட்டார். முன்னோர் பெயரைக் கேட்க நம் வீட்டில் ஆளில்லை என்றால் ஊரிலுள்ள காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். எங்களுடையதில் பூட்டன் பெயர்வரை இருக்கிறது.